லாரியில் குடியேறிய நிலத்தடி நீர்

தீவா ஆற்றின் நிலத்தடி நீர் தற்போது ஒரு லாரியில் இருக்கிறது. பின்கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டும் சிந்துவதில்லை.

தீவா, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறாகும். அம்மணலைத் தோண்டி, குடும்பத்திற்கு ஒரு குழியென நீரெடுத்து வாழ்வது கென்யாவின் கிதூயி வட்டார மக்களின் வழக்கம். பின்னர் நைரோபியில் மாடிக் கட்டடங்கள் பெருகின. ஆற்றுக்கு எதற்கு இத்தனை மணல் என்னும் அறிவியல் ஐயம் ஊராருக்கு எழுந்தது; பாறை தெரியும்வரை விற்றுத் தெளிவடைந்தனர். அதன்பின் மூன்றாண்டுகள் மழையில்லை. நான்காம் ஆண்டு நவம்பரில், நான்காண்டுகளுக்கும் உரிய மழை ஒரே பிற்பகலில் பெய்தது. ஊறுவதற்கு மணலின்றி, பாறையில் வழுக்கிக் கிழக்கே ஓடி மறைந்தது. நீர்க்குழுத் தலைவர் முத்தியானி சராசரியைக் கணக்கிட்டு, மழை இயல்பானதே என அறிவித்தார். மக்கள் கைதட்டினர், தட்டியபின் தாகமெடுத்தது.

மணல் எஞ்சியது ஒரே வளைவில். அங்கே கசியோகா என்னும் கைம்பெண் தன் குழியருகே கட்டிலைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியுடன் எவரையும் அண்டவிடவில்லை. ஊற்று அங்கு மட்டுமே இருந்தது; அவளுடைய மாடுகள் அதை நம்பியே உயிர்வாழ்ந்தன. முத்தியானியோ பொதுநலத்தின் பொருட்டு மாபெரும் தண்ணீர்த் தொட்டியொன்று கட்டத் தீர்மானித்தார். சிமென்ட் வந்துவிட்டது. மணல்தான் இல்லை.

"கூட்டி வகுத்துப் பாத்தா மழை சரியாத்தான்க்கா பெஞ்சிருக்கு. தொட்டி கட்டினாப் போதும்."

"அந்தக் கூட்டி வகுத்த மழைய ஒரு வாளில கொண்டா தம்பி. என் மாடு குடிக்குதான்னு பாப்போம்."

"மணல் என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"இல்ல, மாமனார் வீட்டுது. அவர் வெட்டின குழி."

மறுநாள் குழு பெரும்பான்மையுடன் கட்டிலைத் தூக்கி ஓரமாக வைத்தது. கடைசிக் கூடை மணல் லாரியில் விழுந்ததும், சாமான்களின் பின்னே செல்லும் குடித்தனக்காரரைப்போல் நீரும் குழியைவிட்டு எழுந்து, கரையேறி, சக்கரத்தின் வழியாக ஏறி, மணலுக்குள் அமர்ந்தது. லாரி அசையவில்லை.

"என்னடா, வண்டிய எடு!" என்றார் முத்தியானி.

"ஆத்தையே ஏத்திட்டு எடுன்னா எப்படித் தலைவரே?" என்றான் ஓட்டுநர்.

கசியோகா கட்டிலின் பலகைகளைக் கழற்றிச் சரிவாகச் சாத்தி, மாடுகளை லாரியில் ஏற்றினாள்.

"ஏய், அது குழு வண்டி!"

"வண்டி உன்னுதுதான், யாரு இல்லன்னா? எடுத்துக்கிட்டுப் போயேன்."

அவரால் எடுத்துச்செல்ல இயலவில்லை. தொட்டி, சிமென்ட் மூட்டைகளாகவே சிறப்பாகத் திறந்துவைக்கப்பட்டது. நிதானமாகப் பெய்த ஆண்டுகளில் லாரியின் நீர்மட்டம் உயர்ந்தது. கொட்டித் தீர்த்த ஆண்டுகளில் அவ்வளவாக உயரவில்லை. மாடுகள் கன்று ஈன்றன. ஓட்டுநர் அவ்வூரிலேயே மணம் முடித்தான்.

இவ்வாண்டு இரு பருவமும் பொய்த்தன. லாரியின் ஊற்று வற்றவே, கசியோகா மணலுக்குள் இறங்கி மேலும் தோண்டினாள். லாரிப் பெட்டி இடுப்பளவு ஆழமே உடையது. அவள் தலை மறையும்வரை தோண்டினாள். அதற்கும் கீழே நீர் வந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. மாடுகள் காத்திருந்தன.