கறுப்பு வாய்

சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அமிலத் தொட்டி வெடித்து ரூபாவின் அண்ணன் கிஷோர் செத்துப்போனான். பிணவறை வாசலில் அம்மா செங்கம்மா, "எம் புள்ள மூஞ்சியக் காட்டுங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கம்பெனி ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளே, பையனின் கவனக்குறைவுதான் காரணம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

திருப்பதியில் ஓவியம் படிக்கும் ரூபாவுக்கு அழுகை வரவில்லை. அம்மாவைப் பென்சிலில் வரைந்தாள். அழகாக வந்தது, கிழித்துப் போட்டாள். செதுக்கி மை தடவி அச்செடுக்கும் மரப்பலகையை எடுத்து, கோடு எதுவும் போடாமல் நேராக உளியை இறக்கினாள். நெற்றியைக் கீறினாள், கன்னத்தைப் பிளந்தாள். வெட்டிய இடமெல்லாம் அச்சில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்தது. வாயில் மட்டும் உளி படவில்லை. மை தோய்ந்த அந்த இடம் பாதி முகத்தை விழுங்கிய கறுப்புக் குழியாகக் காகிதத்தில் விழுந்தது.

கல்லூரிக் கண்காட்சிக்கு அதே கம்பெனியின் அதிகாரிதான் சிறப்பு விருந்தினர். சுவரில் ரூபா மாட்டியிருந்த அந்த அச்சுப் படத்தைப் பார்த்துத் துறைத் தலைவர் பிரபாகர் முகம் சுளித்தார்.

"இத எறக்கிடும்மா. கோரமா இருக்குது."

"எங்கம்மா அன்னிக்கு அப்படித்தான் சார் இருந்தாங்க."

அவரே அதைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அந்த நேரத்தில், கண்காட்சியைப் பார்க்கப் புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த செங்கம்மா உள்ளே நுழைந்தாள். நேராகப் போய்ப் படத்தைத் திருப்பினாள்.

"நானாம்மே இது?"

"ஆமாம்மா."

"வாய இத்தினி பெருசாவா தொறந்துக்கினு இருந்தேன்?"

"ஆமா."

"அப்போ அந்தக் கம்பெனிக்காரனுங்களுக்குக் கேட்டுக்கினுதான் இருந்துருக்குது."

அதிகாரி வந்தபோது செங்கம்மா படத்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து வழியை மறித்தாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காருக்குத் திரும்பினார். பிரபாகர் கத்தினார். ரூபா செதுக்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு வெளியேறினாள்.

அன்று மாலை வரை காகிதம் காகிதமாக அச்செடுத்தார்கள். விடிந்ததும் தொழிற்சாலை மதில் நெடுக ஒட்டினார்கள். காவலாளி கிழிக்கக் கிழிக்க, அடுத்ததை ஒட்டினாள் செங்கம்மா. முதல் ஷிப்ட் ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த முகங்களின் முன் நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "இன்னாம்மா வேணும் உனக்கு?"

"எம் புள்ள தப்புன்னு எழுதினியே, அத மாத்தி எழுது," என்றாள் செங்கம்மா.

அன்று அந்த ஷிப்ட் ஓடவே இல்லை.