இடப்பக்கச் சருகு

மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவனிடம் வாங்கிய சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் யோலிமா அந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறினாள். தோள்பையில் வாழையிலையில் கட்டிய சோறும் முட்டையும் பொரித்த வாழைக்காய்த் துண்டுகளும் இருந்தன. கையில் ஒரு புட்டி வெல்லத் தண்ணீர். காப்பித் தோட்டம் முடிந்து யூகலிப்டஸ் மரங்கள் தொடங்கும் இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஒரு காலத்தில் இதே ஏற்றத்தைச் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறியவள்தான். இப்போது சும்மா நடந்து வருவதற்கே முழங்கால் முனகியது. மேலே எங்கோ சருகுவாரியின் இரும்புப் பற்கள் மண்ணைக் கீறும் சத்தம் கேட்டது. அவள் கணவன் எவேலியோ வழக்கம்போல் ஆறு மணிக்கே வந்திருப்பான்.

சத்தியம் வாங்கியதில் அவளுக்கு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. திங்கட்கிழமை காலையில் அவள் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர், முந்தின நாள் இந்த மலையிலிருந்து சைக்கிளில் இறங்கியவர்கள். காறை எலும்பு, மணிக்கட்டு, விலா. எது எந்தத் திருப்பத்தில் உடைந்தது என்று கேட்காமலே சொல்லிவிடுவாள். அதை வைத்து வீட்டில் சண்டை நடக்கும். "நீ படம் புடிக்கிறது விழுந்தவனை மட்டும்தான். சிரிச்சுக்கிட்டே இறங்கி வீட்டுக்குப் போய் சூப் குடிக்கிறவனை எவன் படம் புடிச்சான்?" என்பான் எவேலியோ. பிறகு ஒருநாள் அவனையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைவாய்ப்பல்லில் விழுந்திருந்தான்.

கடைவாய்ப்பல் என்பது தடத்தின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் ஆளுயரப் பாறை. மேலேயிருந்து வருகிறவன் பிரேக்கை விட்டுவிட்டு அதன் விளிம்பிலிருந்து அப்படியே காற்றில் குதிக்க வேண்டும். மனசில்லாதவர்கள் வலது பக்கம் சுற்றிப் போகலாம். அந்த வழிக்கு அத்தைமார் பாதை என்று பெயர். யோலிமா சைக்கிள் ஓட்டிய பதினோரு வருஷமும் அத்தைமார் பாதையில்தான் போனாள், கூச்சப்படாமல். எவேலியோவோ அந்தப் பாறைக்காகவே அந்தத் தடத்தை வெட்டியவன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவனும் பால் லாரி ஓட்டும் நோர்பேயும் சேர்ந்து மண்வெட்டியோடு ஏறி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மலையுச்சியிலிருந்து ஊர்வரை தடம் இறக்கினார்கள்.

அன்று அவன் கழுத்தெலும்பை அவள்தான் படம் பிடித்தாள். முடி அளவுக்கு ஒரு விரிசல். படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படி நீண்டவர்களையும் அவள் படம் பிடித்திருக்கிறாள். கழுத்துப் பட்டையோடு அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போய், வண்டியோட்டிகளைக் காக்கிற கார்மேல் மாதாவின் முன்னால் நிறுத்தி, இனிமேல் மலையில் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று சத்தியம் செய்ய வைத்தாள். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளை உத்தரத்தில் மாட்டிவிட்டு, பட்டை கழன்ற மறு ஞாயிற்றுக்கிழமை சருகுவாரியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். "போகாத தடத்தை எதுக்குக் கூட்டற?" என்று கேட்டாள். "போறவங்க வழுக்கி விழக் கூடாதுல்ல. திங்கக்கிழமை உனக்கும் வேலை குறையும்," என்றான். அவன் மட்டும் ஓட்டாதபோது தான் ஓட்டுவது நன்றாக இருக்காது என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி இரண்டு சைக்கிளும் உத்தரத்தில் தொங்கின.

போன வாரம் நோர்பே வீங்கின மணிக்கட்டோடு எக்ஸ்ரே அறைக்கு வந்தான். கையைப் பலகையில் வைத்துக்கொண்டே, "அண்ணி, மாதா திருவிழாவோட தடத்துக்கு இருபது வயசு ஆகுது. வெட்டினவன் கீழே நின்னு சருகு வாருறான், நாங்க மேலேருந்து குதிக்கிறோம். நல்லாவா இருக்கு? ஒரே ஒரு தடவை விடுங்களேன். அவன் மூஞ்சியைப் பார்த்தீங்களா நீங்க?" என்றான். "கையை ஆட்டாதே," என்றாள் அவள். ஆனால் அன்றிலிருந்து எவேலியோவின் முகத்தைப் பார்த்தாள். கூட்டுறவுக் கிடங்கில் காப்பிக்கொட்டை தரம் பிரித்துவிட்டு வருகிறவன், சாப்பிடுகிறவன், தொலைக்காட்சிக்கு முன்னால் தூங்கிப்போகிறவன். கழுத்து நன்றாகத்தான் இருந்தது. மற்றது எதுவும் நன்றாக இல்லை. இத்தனை நாள் இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வருவதைப் பாறைக்குக் கீழே நின்றிருந்த எவேலியோ பார்த்துவிட்டான். "அடேயப்பா, அத்தைமார் பாதைக்கு ராணி வந்தாச்சு!" என்று சருகுவாரியைத் துப்பாக்கிபோல் தோளில் வைத்து நிமிர்ந்து நின்றான்.

அவள் சிரித்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பார்வை தரையில் விழுந்தது. தடம் வீட்டுக் கூடம் மாதிரி சுத்தமாக இருந்தது. ஆனால் கீழ்நோக்கிப் பார்த்தால் இடது ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு, யாருமோ என்கிற காட்டு மரத்தின் பெரிய வெள்ளை இலைகள் அப்படியே ஈரத்தோடு கிடந்தன. திருப்பம் வரைக்கும், திருப்பம் தாண்டியும், நூல் பிடித்தாற்போல் ஒரே கோடாக. எவேலியோ அப்படி விடுகிற ஆள் இல்லை.

"இந்தப் பக்கம் ஏன் விட்டுட்ட?"

"எந்தப் பக்கம்?" அவன் வலது பக்கம் பார்த்தான். பிறகு தலையை முழுக்கத் திருப்பி இடது பக்கம் பார்த்தான். "அட, மறந்துட்டேன்."

அவள் சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய இடது தோளுக்குச் சற்றுத் தள்ளிப் போய் நின்று விரல்களை நீட்டினாள். "நேரா பாரு. திரும்பாதே. எத்தனை விரல்?"

அவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். சருகுவாரியை மெதுவாக மரத்தில் சாய்த்துவிட்டுப் பாறையோரத்தில் உட்கார்ந்தான்.

"எப்போலேருந்து?"

"சோறு ஆறிடும்."

"எவேலியோ. எப்போலேருந்து?"

அவன் இலைக்கட்டைப் பிரித்தான்; சாப்பிடவில்லை. "நீ பெரேராவுக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தியே, ஒரு வாரம். அப்போ சைக்கிளை இறக்கினேன்," என்றான். ஒன்றரை வருஷம் ஆகிறது. விடிந்ததும் விடியாததுமாக மலையேறி, உச்சியிலிருந்து இறங்கியிருக்கிறான். பாறைக்கு முன்னால் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே ஹேண்டில்பார் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. கண்ணை மூடிக்கொண்டு போகிற இடம். அன்று இடது கைப்பிடி மரத்தில் மோதி, அவனைத் தூக்கிப் புதரில் போட்டது. "மரந்தான் இடம் மாறி நிக்குதுன்னு நெனச்சேன், சத்தியமா. எழுந்து நின்னு ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்த்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது. கடைவாய்ப்பல் வரைக்கும்கூடப் போகல. தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்து, சேறெல்லாம் துடைச்சு, மாட்டிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"மரத்துல மோதினேன்னு சொன்னா, அங்க உனக்கு என்ன வேலைன்னு கேட்டிருப்ப."

கேட்டிருப்பாள். வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டிருப்பாள். மாதாவுக்கு முன்னால் சொன்ன சொல்லுக்கு இதுதான் மதிப்பா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். அதெல்லாம் அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. கொண்டுவந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை; இருவரும் மலையிறங்கினார்கள்.

புதன்கிழமை மனிசாலெஸ் நகரத்துக்குப் போய்க் கண் மருத்துவரைப் பார்த்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சங்கொஞ்சமாக அரித்துவிட்டது என்றார் அந்த இளம்பெண். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணில் இப்போதுதான் தொடங்குகிறது. தினமும் சொட்டு மருந்து விட்டால் அதைக் காப்பாற்றி வைக்கலாம். மலையில் சைக்கிள் என்ற பேச்சே வேண்டாம். "முதல்ல எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்டார். ஒன்றரை வருஷம் என்றான் எவேலியோ. "அப்பவே வந்திருந்தா..." என்று தொடங்கியவர் யோலிமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

திரும்பும் பேருந்தில் யோலிமா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். உடையக்கூடிய எலும்பையெல்லாம் எண்ணி வைத்திருந்தவள் அவள். ஒரு எலும்பு உடைந்தால் ஆறு வாரத்தில் கூடிவிடும். அவன் பயமில்லாமல் தன்னிடம் வந்து எதையும் சொல்கிற அந்த வழக்கம் உடைந்துபோனதை அவள் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. சத்தியத்துக்குப் பிறகு அவன் நல்ல கண்ணோடு இருந்த முதல் ஒன்றரை வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று கணக்குப் பார்த்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என் மேல கோவமா?"

"இருந்துச்சு," என்றான். "முதல் வருஷம் பூரா இருந்துச்சு. அதுக்கப்புறம் என் மேலயே வந்துடுச்சு. பயந்தாங்கொள்ளி மாதிரி மூடி மறைச்சேன் பாரு."

"அன்னைக்கு மலைக்கு ஏன் வந்தேன் தெரியுமா? சத்தியத்தைத் திருப்பிக் குடுக்கத்தான்."

பேருந்து வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது.

"குடுக்காத," என்றான் கடைசியில்.

"ஏன்?"

"குடுத்தா போயிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? ஒரு தடவை, ஒரே தடவைன்னு போயிடுவேன். அந்த அரை நொடி இருக்கே, சக்கரம் பாறையை விட்டுக் கிளம்பி இன்னும் மண்ணைத் தொடாத நேரம். அதுக்காக மிச்சக் கண்ணையும் குடுத்துடுவேன் யோலிமா." மருந்துப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். "அதுவும் இல்லாம, பயலுங்க. பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு சிரிக்கட்டும், எனக்குப் பழகிப்போச்சு. கண்ணு போச்சேன்னு பாவப்பட்டா அதைத் தாங்க மாட்டேன். நீயே வச்சுக்க அதை."

மாதா திருவிழாவன்று ஊரிலிருந்த வண்டியெல்லாம் பூவும் பலூனும் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தன. பால் லாரி, ஜீப், பேருந்து, கடைசியில் சைக்கிள்கள். பாதிரியார் தீர்த்தம் தெளிக்கத் தெளிக்க எல்லோரும் ஹாரன் அடித்துக் காதைப் பிளந்தார்கள். எவேலியோ தன் சைக்கிளை ரிப்பன் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். பிறகு கூட்டம் மலைக்குக் கிளம்பியது. கடைவாய்ப்பல்லுக்குக் கீழே நோர்பே எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு கையையும் விரித்தான்.

"அண்ணி! மாதா தீர்த்தமே தெளிச்சாச்சு. அவளே உத்தரவு குடுத்துட்டா, நீங்க குடுக்க மாட்டீங்களா?"

இருபது முகங்கள் அவளைப் பார்த்தன. எவேலியோ பார்க்கவில்லை, ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"முடியாது," என்றாள் யோலிமா.

"ஐயோ, கல்நெஞ்சுக்காரி!" கூட்டம் ஊளையிட்டது. யாரோ சீழ்க்கை அடித்தார்கள். எவேலியோ தோளைக் குலுக்கி உதட்டைப் பிதுக்கி, பாருங்கடா என் கதியை என்று காட்டினான். எல்லோரும் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். நோர்பே மட்டும் சிரிக்கவில்லை. "உங்க மனசுல என்னதான் இருக்கோ," என்று அவளிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். அவனுக்கு ஒரு பதில் சொல்ல அவள் வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாறைக்கு மேலிருந்து வருகிறவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கீழே ஒருவன் நின்று தடம் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் மேலே இருப்பவன் பிரேக்கை விடுவான். மூன்று வருஷமாக அது எவேலியோவின் வேலை. அன்றும் அவன் போய்த் தன் இடத்தில் நின்றான். "தடம் சுத்தம்!" என்று கத்தினான். முதல் ஆள் தலைக்கு மேலே பறந்து வந்து, தொப்பென்று மண்ணில் இறங்கி, கூவிக்கொண்டே திருப்பத்தில் மறைந்தான்.

அந்தச் சக்கரத் தடத்துக்கு ஒரு சாண் இடது பக்கத்தில், எவேலியோவின் பார்வை எட்டாத ஓரத்தில், ஈரமான யாருமோ இலை ஒன்று மல்லாந்து கிடப்பதை யோலிமா பார்த்தாள். கூட்டத்தை விட்டு விலகிப் போய், அதை எடுத்துக்கொண்டு, அவனுக்கு இடது பக்கத்தில் நின்றாள். அவள் வந்தது அவனுக்குத் தெரியாது. இலையின் காம்பை ஒடித்தபோது அந்தச் சத்தத்தில்தான் அவன் அசைந்தான்.

மேலே அடுத்தது நோர்பே. "என்னடா, தூங்கிட்டியா?" என்று குரல் வந்தது.

எவேலியோ வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். முகத்தை முழுக்க, தாடை தோளில் இடிக்கும்வரை, அவள் பக்கம் திருப்பினான். அவள் தடத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒருமுறை பார்த்தாள், சந்தேகம் தீராமல் இன்னொரு முறை பார்த்தாள், பிறகு தலையசைத்தாள்.

"தடம் சுத்தம்!" என்று அவன் கத்தினான். மேலே பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது.