சின்னம்மா கையால் ஒரு கவளம்

சிறுவர் இல்லத்துச் சாப்பாட்டறையில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். யன்னலோரம் வாவிக்கு முதுகு காட்டியபடி நன்னடத்தை உத்தியோகத்தர் கேதீஸ்வரி. எதிரே பிள்ளைகளின் சின்னம்மா தவமலர். பாயில் சுவரோடு ஒட்டிக்கொண்டு விதுர்ஷாவும் தம்பி நிதுர்ஷனும். கதவு மூடாதபடி அதன் அடியில் முக்காலியைப் போட்டு இல்லத்துப் பொறுப்பாளர் நஸீறா. கதவு மூடினால் நிதுர்ஷனுக்கு மூச்சு முட்டும். அதனால்தான் அந்த இடம்.

தாய் செத்தபின் இரண்டு வருடம் இந்தப் பிள்ளைகளை நெல் மூட்டை அறைக்குள் பூட்டி வைத்து வதைத்தவன் தவமலரின் புருஷன். அவன் இப்போது மறியலில், கம்பிக்குள். தான் பாசிக்குடா ஹோட்டலில் வேலையாக இருந்ததாகவும், அந்த அறைப் பக்கமே போனதில்லை என்றும் தவமலர் அழுதழுது சொல்லியிருந்தாள். கேதீஸ்வரியும் நம்பினாள். விடிந்தால் வழக்கு. பிள்ளைகளைச் சின்னம்மாவிடம் ஒப்படைக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் கையெழுத்து மட்டும் மிச்சமாக அவள் பைக்குள் கிடந்தது.

உரித்துக்காரியான சின்னம்மாவின் கையால் ஒரு கவளம் தின்றால் பிள்ளைகளின் பயம் தெளியும் என்று ஊட்டச் சொன்னதும் அவள்தான். இப்போதுதான் தாமாக அள்ளித் தின்னப் பழகியிருக்கிறார்கள் என்று நஸீறா முணுமுணுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தவமலர் மீன் ஆணம் விட்டுச் சோற்றைப் பிசைந்து உருட்டினாள். ஒரு சொல் சொல்லவில்லை. கையை நீட்டினாள், அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டும் முழங்காலில் எழும்பின. கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்துக்கொண்டன. கண்ணை மூடி வாயைத் திறந்தன.

"பாத்தீங்களா மிஸ், எவ்வளவு ஆசை" என்று தவமலர் சிரித்தாள்.

கேதீஸ்வரி அந்த மணிக்கட்டுகளைப் பார்த்தாள். அறைப் பக்கமே போகாதவளின் கையைக் கண்டதும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது? முகத்தில் ஒன்றும் காட்டாமல், எழுத்து வேலை கொஞ்சம் இருக்கிறது, வெளியே வாங்குப் பலகையில் இருங்கள் என்று அவளை அனுப்பினாள். பிறகு விதுர்ஷாவின் பக்கத்தில் குந்தி, கையை ஏன் பின்னால் கட்டினாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

பிள்ளை கதவைப் பார்த்தது.

"கை முன்னுக்கு வந்தா தம்பிக்குச் சோறில்ல."

"அப்பிடி ஆர் சொன்ன, மகள்?"

"சின்னம்மாக்குக் கேட்டுரும். நாங்க அவவோட போறம் மிஸ். தம்பிய ஏசாதீங்க."

நஸீறா வந்து பாயில் உட்கார்ந்து வேறொரு கோப்பையில் சோறு போட்டாள். நிதுர்ஷனைப் பார்க்காமலே தானொரு வாய் தின்றாள். "உப்புக் கூடிப்போச்சு. ஏசுறதெண்டா ஆக்கின என்னத்தான் ஏசணும்" என்றாள். வெகுநேரம் கழித்து அவன் வலக்கை பின்னாலிருந்து வந்தது. பயந்து திரும்பிப் போனது. மறுபடி வந்து, ஒரு மீன் துண்டைத் தொட்டது.

கேதீஸ்வரி அலுவலக அறைக்குப் போய்ப் பழைய கடிதத்தைக் கிழித்தாள். கண்டதைக் கண்ட ஒழுங்கிலேயே எழுதினாள். ஊட்டச் சொன்னது தான்தான் என்பதையும் எழுதினாள். பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது. சின்னம்மா இல்லாத இடத்தில் மூத்தவளின் வாக்குமூலத்தை எடுக்க வேண்டும்.

யன்னல் கம்பியில் தவமலரின் விரல்கள் தெரிந்தன.

"முடிஞ்சுதா மிஸ்?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள், கடுதாசியை முழங்கையால் மறைத்தபடி.

உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தி, இல்லத்துச் சாரதி றம்ஸீனைக் கூப்பிட்டாள். நீதிமன்றப் பதிவாளரின் கையில் மட்டும் கொடுக்கச் சொன்னாள். அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வாங்கில் இருந்த தவமலரைக் கடந்து, மோட்டார் சைக்கிளை எடுத்தான்.