ஐயாவுக்குத் தெரியக் கூடாது

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்தபோது பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. ஈரத்துணி மூட்டையை யாரோ மேலிருந்து போட்ட மாதிரி 'தொப்' என்று ஒரு ஓசை, அவ்வளவுதான். கீழ் வீட்டில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் கொப்பளிப்பதற்குள் தண்ணீர் படிப்படியாகக் குதித்து இறங்கி வந்து, வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டது.

மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே மேலே ஓடினேன். என் கணவர் வழக்கம்போல முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். வீடு மிதந்தாலும் அந்த மனுஷனுக்குக் கண்ணாடி வேண்டும். மேலே போய்ப் பார்த்தால் தொட்டி நட்டநடுவில் வாய் பிளந்து கிடக்கிறது. வால்வை மூடிவிட்டு நனைந்த புடவையோடு நின்றேன். 

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் போனது பெரிய துரோகம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, மிச்சத்துக்கு வங்கியில் கடன் வாங்கி, இந்தப் பழைய கட்டடத்தை வாங்கினோம். கீழ் முன்வீட்டில் நாங்கள் இருந்துகொண்டு மற்ற மூன்றையும் வாடகைக்கு விட்டோம்.

முதல் வருஷம் நான் பட்ட பாடு நாய் படாது. எனக்கு வாய் நீளம்தான். ஆனால் 'முடியாது' என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்த வாயில் வராது. ஆணி அடிக்கலாமா, சரி. நாய் வளர்க்கலாமா, சரி. சமையலறைக்குக் கறுப்பு வர்ணம் பூசலாமா, அதற்கும் சரி. வர்ணம் பூசினவர்கள் காலி செய்த பிறகு அந்தக் கறுப்பை நான் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஐயா பிறந்தார்.

ஐயா என்று யாரும் கிடையாது. அடுத்து வீடு பார்க்க வந்தவர்களிடம், "நாங்க இங்க இருந்து பார்த்துக்கிறவங்கதான். வீடு ஐயாவோடது. அவர் வெளிநாட்டுல இருக்கார்" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு என் தலைவலி தீர்ந்தது. முடியாது என்பதையெல்லாம் ஐயா சொல்வார். சரி என்பதெல்லாம் நான் அவரிடம் போராடி வாங்கித் தந்தது. பழி அவருக்கு, நல்ல பெயர் எனக்கு. போகப் போக அவருக்கு முன்கோபம் கொடுத்தேன், ரத்தக் கொதிப்புக் கொடுத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது என் கணவரே, "ஐயாவுக்கு இப்போ உடம்பு தேவலையா?" என்று கேட்டார்.

சரி, படிக்கட்டுக்கு வருகிறேன். நான் இறங்கி வருவதற்குள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேலே ஒரு வீட்டில் பஸ் ஓட்டுகிற டிரைவரும் அவர் மனைவியும். எதிர் வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ், தனியாக இருக்கிற பெண். கீழ்ப் பின்வீட்டில் சலூன்காரர். அவர் பாதி சவரம் செய்த முகத்தோடு வந்து நின்றார்.

"விரிசல் விட்டிருக்குன்னு மூணு மாசமா சொல்றோம். உங்க ஐயா என்ன சொன்னார்?" என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்னார்" என்றேன். பொய்யில்லை. அந்த மாதத் தவணையைக் கட்டிவிட்டுக் கையைப் பிசைந்தபடி எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அது.

"அப்போ நாங்களும் ஒண்ணு சொல்றோம். நாளைக்குள்ள புது டேங்க் வரணும். இல்லன்னா மூணு வீடும் சேர்ந்து காலி பண்றோம். நம்பரைக் கொடுங்க, நானே அந்த ஆள்கிட்ட பேசுறேன்."

எனக்குக் கால் வழுக்கியது, தண்ணீரால் மட்டும் இல்லை. மூன்று வீடும் ஒரே மாதத்தில் காலியானால் தவணை நிற்கும், தவணை நின்றால் கட்டடம் போய்விடும். உண்மையைச் சொன்னாலோ இன்றைக்கே மூட்டை கட்டுவார்கள். இரண்டு பக்கமும் இடி. என் கணவர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அப்போது டிரைவர் ஒன்று சொன்னார். "எங்களுக்காக மட்டும் சொல்லல, அக்கா. சாக்கடை அடைச்சா கையை விட்டு எடுக்கிறது நீங்க. இந்த வயசுல ஏணி ஏறுறது அண்ணன். இருக்கிறதுலயே ஓதம் அடிக்கிற வீட்டை உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கான். உங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கப் போறோம். நீங்க முன்னாடி நில்லுங்க, நாங்க பின்னாடி வர்றோம்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். இத்தனை வருஷமாக அந்தச் சாக்கடையை யாராவது கவனித்தார்களா என்று நான் உள்ளுக்குள் பொருமாத நாளில்லை. கவனித்திருக்கிறார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிஷம் எனக்கு ஐயா மேல் நிஜமாகவே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த ஆளுக்கு மனசாட்சியே கிடையாது" என்று ஆரம்பித்தேன். "வாடகை வாங்கத் தெரியுது, ஒரு டேங்க் மாத்தத் தெரியலை. நாம என்ன மனுஷங்க இல்லையா?" பேசப் பேச எனக்கே ருசி பிடித்துவிட்டது. படியில் இரண்டு படி ஏறி நின்றுகொண்டேன். சலூன்காரர் கை தட்டினார். என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டேன்.

"எங்க அம்மாவைக் கூட வச்சுக்கக் கூடாதுன்னானே, அது ஒண்ணு போதாதா?" என்றாள் நர்ஸ்.

என் பேச்சு அங்கே நின்றது. ஆறு மாதம் முன்பு அவள் கேட்டிருந்தாள். தண்ணீர் செலவும் மண்சுவர் மாதிரி உதிர்கிற இந்தக் கட்டடமும் நினைவுக்கு வர, இன்னொரு ஆளா என்று பயந்துவிட்டேன். ஒருத்தருக்குக் கொடுத்த வீட்டில் ஒருத்தர்தான் என்று ஐயா கறாராகச் சொல்லிவிட்டார். அவள் அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை.

"அய்யோ, உங்க வீட்டுக்குள்ள தண்ணி போகுது" என்றாள் டிரைவர் மனைவி மாடியைப் பார்த்து.

மொட்டை மாடியில் தேங்கிய மிச்சம் நர்ஸின் கதவுக்கடியில் புகுந்துகொண்டிருந்தது. கோணியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். நர்ஸ் என்னை முந்திக்கொண்டு போய்க் கதவில் கையை விரித்து நின்றாள்.

"வேண்டாம்க்கா. நானே பார்த்துக்கிறேன்."

"கட்டில் மெத்தையெல்லாம் நனையும், நகரும்மா."

அவள் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்த எல்லாரும் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. நர்ஸின் கைக்கடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன்.

கட்டிலின் மேல் ஒரு அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல ஆகிருதி. மடியில் பெட்டி, பெட்டியின் மேல் மடித்த துணிகள், எல்லாவற்றையும் நனையாமல் பத்திரமாகப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இவங்கதானா?" என்று மகளிடம் கிசுகிசுத்தாள்.

நர்ஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மாதான். வந்து நாலு மாசம் ஆச்சு. பகல்ல வெளிய தலை காட்டறதே இல்ல. ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அக்கா."

"எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் டிரைவர் மனைவி. "உங்ககிட்ட மட்டும்தான் மறைச்சோம். தெரிஞ்சா நீங்க ஐயாகிட்ட பொய் சொல்ல வேண்டி வரும். உங்களுக்குப் பொய் வராதே, பாவம்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"ஐயா கிடையாது" என்றேன்.

"கிடையாதுன்னா? தவறிட்டாரா?" என்றார் சலூன்காரர்.

"பிறக்கவே இல்ல. இந்த வீடு என்னோடது."

யாரும் நம்பவில்லை. டிரைவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அந்த ஆளுக்காக நீங்க பழியை ஏத்துக்காதீங்க, அக்கா. வீட்டுக்குச் சொந்தக்காரி எங்கயாவது சாக்கடைல கையை விடுவாளா?"

"இது என் வீடு" என்று கத்திவிட்டேன். சுவரெல்லாம் எதிரொலித்தது. ஐயா பிறந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் இப்படி வாய் விட்டுச் சொன்னதே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

"என்னோடதும்தான்" என்றார் என் கணவர், வாசலிலிருந்து மெதுவாக.

அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். பொய் வராதது உண்மையில் அவருக்குத்தான். சலூன்காரர் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு" என்றார் டிரைவர்.

நர்ஸ் என் கையை விட்டுவிட்டாள். "அப்போ அம்மா வரக் கூடாதுன்னு சொன்னது?"

"நான்தான்."

"அன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்து அழுதது?"

"அதுவும் நான்தான்."

கட்டில் மேலிருந்த அம்மாள்தான் பெட்டியை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, "ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போடுங்க. தண்ணி கட்டில் காலுக்கு வந்தாச்சு" என்றாள். இன்னும் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

அதன் பிறகு வேலைதான். கோணியைப் போட்டு அடைத்தோம், வாளி வாளியாக அள்ளினோம். பதவி போனதை மறந்து நான் எல்லாரையும் விரட்டினேன், அவர்களும் மறந்து போய் நான் சொன்னதைச் செய்தார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு என் கணவரும் டிரைவரும் ஒரு வண்டி பிடித்துத் தொட்டி வாங்கப் போனார்கள். டிரைவர் போனதே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி. காலி பண்ணப் போகிறவன் தொட்டி தூக்கப் போவானா?

தரை காய்ந்ததும் நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு என் எதிரே நின்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

"ஓனரம்மா. எங்க அம்மா இனிமே இங்கதான் இருப்பாங்க."

"இருக்கட்டும்."

"குளிக்கிற இடத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி வேணும்."

"இன்னைக்கே போட்டுடலாம்."

"அம்மாவுக்கு மாடி ஏறி இறங்குறது கஷ்டம். உங்க கீழ் வீட்டை எங்களுக்குக் கொடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் மேல வந்துடுங்க."

'ச' வரைக்கும் வாய் போய்விட்டது. என் முழங்கால்களை நினைத்தேன். கேட்டுச் சொல்வதற்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"முடியாது" என்றேன். "எனக்கு மூட்டு வலி. அது மட்டும் முடியாது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கூரை இடிந்து விழவில்லை.

"எங்க அம்மா படி ஏறுறதுல என்னைவிடக் கெட்டி" என்றாள் நர்ஸ். "சும்மாதான் கேட்டேன். உங்க வாயில வருதான்னு பார்த்தேன்." பிறகு குரல் உடைந்து சொன்னாள்: "இதையே அன்னைக்கு நேருக்கு நேர் சொல்லியிருக்கலாம்ல? உங்ககிட்ட நாள் முழுக்கச் சண்டை போட்டாவது, எங்க அம்மாவைப் பட்டப்பகல்ல கூட்டிட்டு வந்திருப்பேன்."

அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் எதிரில் இனி அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் கட்டிலிலிருந்து இறங்கி, முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டு, யாரையும் கேட்காமல் பால்கனிக் கதவைத் திறந்தாள். நல்ல வெயில். கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் கீழே எட்டிப் பார்த்து, நாலு மாதத்துக் குரலையும் சேர்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"டேங்கைப் பார்த்து இறக்குங்கப்பா. கண்ணாடி போட்டவரே, உங்களைத்தான்."

எதிர்ச்சாரி வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் பதறிப்போய் அம்மாவை உள்ளே இழுக்க ஓடி, பாதியில் நின்று, அங்கேயே நின்றுவிட்டாள்.