அறுபது மீட்டர் சங்கிலி

இரண்டு தீவுகளுக்கு நடுவே, படகு நிறுத்த வாகான சிறு குடா அது. ஓய்வு பெற்ற பல் டாக்டர் தம் பாய்மரப் படகை அங்கே நங்கூரமிட்டு மூன்று நாளாகியிருந்தது. மனைவியையும் நாரைகளையும் தவிரப் பேச்சுத்துணை இல்லை. அதுவே அவருக்குப் பிடித்திருந்தது.

நாலாம் நாள் பிற்பகல், சாயம் போன பாயுடன் ஒரு சின்னப் படகு உள்ளே வந்தது. ஒற்றை ஆள். கம்பியில் காய்ந்த துணிகளையும் ஓரத்தில் கட்டியிருந்த பூந்தொட்டியையும் பார்த்தாலே, அந்தப் படகுதான் அவருக்கு வீடு என்று தெரிந்தது.

"சார், எவ்வளவு சங்கிலி விட்டிருக்கீங்க?"

பிந்தி வருபவர் கேட்பதும் முந்தி வந்தவர் சொல்வதும் கடல் வழக்கம். காற்று திரும்பினால் படகு சங்கிலியின் நீளத்துக்கு வட்டமடிக்கும். அந்த வட்டத்துக்கு வெளியேதான் அடுத்தவர் நிற்க வேண்டும்.

டாக்டர் விட்டிருந்தது இருபத்தைந்து மீட்டர். "அறுபது" என்றார்.

"அப்ப இங்கே இடம் பத்தாது. பரவாயில்லை சார், நான் தீவுக்கு அந்தப் பக்கம் போய்க்கிறேன்."

அவர் போனதும், "ஏங்க, வாய் கூசாம சொல்றீங்களே" என்றாள் மனைவி.

"அந்தப் பக்கமும் கடல்தானே?"

"முப்பது வருஷம் 'வலிக்காது, வலிக்காது'ன்னு சொன்ன வாய். அது எங்கே கூசும்?"

டாக்டர் சிரித்துவிட்டார்.

விடியற்காலையில் காற்று திசை மாறி வலுத்தது. மனைவி தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது துடுப்புச் சத்தம் கேட்டது. அதே ஆள், சிறு தோணியில், தொப்பலாக நனைந்து. முழங்கையில் ரத்தம்.

"சார், காத்து திரும்பிடுச்சு. அறுபது மீட்டர்ல சுத்தினா பின்னாடி பாறையில இடிச்சிடும். கொஞ்சம் இழுத்துக்கங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உங்க படகு?" என்றாள் மனைவி.

"அந்தப் பக்கம் அடியில வெறும் பாறைம்மா. நங்கூரம் பிடிக்கலை. கரையில மோதிப் பொளந்துடுச்சு. இனி விறகுக்குத்தான் ஆகும்." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை.

அவரை மேலே ஏற்றி, கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அவள் கணவரைப் பார்த்தாள். "துறைமுகத்துல கொண்டுபோய் விடலாம். கிளம்புங்க."

டாக்டர் முன்பக்கம் போய்ச் சங்கிலியைத் தாமே இழுக்கத் தொடங்கினார். தோணியில் வந்தவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கூடவே வந்தார். "தனியா எப்படி சார் அறுபதை இழுப்பீங்க?"

பத்து மீட்டருக்கு ஒருமுறை சங்கிலியில் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. ஒரு சிவப்பு வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு, சேறு அப்பியபடி நங்கூரமே வந்துவிட்டது.

தோணிக்காரர் நங்கூரத்தையும் சங்கிலியையும் பார்த்தார். பிறகு வாளியில் கடல்நீர் மொண்டு, சேற்றைக் கழுவத் தொடங்கினார். மனைவி பாயை ஏற்றினாள்.

"இங்கே நல்ல மண்ணு சார். கெட்டியாப் பிடிச்சிருக்கு."

"இருபத்தஞ்சுதான் விட்டிருந்தேன்" என்றார் டாக்டர்.

"தெரியுது சார். குனிஞ்சுக்கங்க, பாய் திரும்புது."

டாக்டர் குனிந்தார். பாய் கடந்து போன பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை. கடவுள் நாலு படகுக்கு விரித்து வைத்த இடம், ஒரு படகும் இல்லாமல் பின்னால் கிடந்தது.