ஒரு சிட்டிகை ஈஸ்ட்

நெவிலின் கார் எப்போதும் வெளியில்தான் நிற்கும். டெவன்போர்ட் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டாம், பாவம் அந்தக் கார் வருடம் முழுக்க நனைந்தது. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் பீர் டிரம்களும் அடுக்கடுக்காய்ப் பாட்டில்களும் சொகுசாக இருந்தன. அவர் மனைவி லொரேன் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் விட்டுவிட்டாள்.

கடையில் விற்கிற பீரை நெவில் பீர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஊர் ஊராய் இருக்கும் சின்னச் சின்ன மதுவடிப்பகங்களின் செய்முறையை வைத்துப் பெட்டி போட்டு விற்கிறார்கள் அல்லவா, முளைகட்டிய தானியத்தின் மால்ட் பாகு ஒரு டின், கசப்புக்கு ஹாப்ஸ் பொட்டலம், புளிக்கவைக்க ஈஸ்ட் என்று, அந்தக் கிட்டை வாங்கிவந்து வீட்டிலேயே காய்ச்சுவார். மகன் ஜாரட் வீட்டில் இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து காய்ச்சினார்கள். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஷெட்டில்தான். பேச்சும் ஒன்றே ஒன்றுதான்: டிரம் சூடாக இருக்கிறதா, நுரை அடங்கிவிட்டதா, இந்தத் தடவை கசப்பு தூக்கலா. மற்ற எதையும் நெவில் மகனிடம் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது என்பதுதான் உண்மை.

பிறகு ஜாரட் கடல் தாண்டி, ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்தில் இருந்த மெல்போர்னுக்குப் போனான். அங்கே குடி அவனைத் தின்றது. வேலி ஒன்றில் காரை மோதினான், லைசென்ஸ் போயிற்று, வேலை போயிற்று, கூட வாழ்ந்த டீகனும் போய்விட்டாள். ஒரு நாள் தானாகவே நிறுத்தினான். குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடி, எழுந்து நின்று, இத்தனை நாளாய்க் குடிக்கவில்லை என்று சொல்வார்கள். ஜாரட் அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போனான். ஒரு வருடம் ஆகப்போகிறது. அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன் என்று அவன் அம்மாவிடம் போனில் சொன்னபோது, லொரேன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

நெவில் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளை வருவதில் சந்தோஷம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வந்தவனோடு என்ன பேசுவது? கையில் கிளாஸ் இல்லாமல் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது? லொரேன் எளிதாகச் சொன்னாள், டீ போட்டுக் கொடு, பக்கத்தில் உட்கார், போதும் என்று. அந்தப் பொம்பளை சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் போதையில்லாத பீர் செய்வதென்று முடிவு கட்டினார். ஜாரட்டின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஹோபார்ட் பக்கம் ஒரு மதுவடிப்பகத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். அதே பீரின் கிட் கடைக்கு வந்திருந்தது. வாங்கினார், காய்ச்சினார், புளிக்க வைத்தார். புளித்து முடிந்ததும் பெரிய பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றி, சாராயமெல்லாம் ஆவியாகட்டும் என்று சூடாக்கினார். ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி, மறுநாள் ஒன்றைத் திறந்து பார்த்தார். கழனித்தண்ணீர் தோற்றது. நுரையும் இல்லை, சுள்ளென்று ஏறவும் இல்லை. சூட்டில் ஈஸ்ட் செத்துவிட்டது. பீரில் குமிழி வருவதே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்பதால்தான்.

எல்லாவற்றையும் திரும்ப டிரம்மில் கொட்டினார். ஒரு சிட்டிகை புது ஈஸ்ட் தூவினார். பெரிய பாட்டிலுக்கு இரண்டு சர்க்கரை வில்லை போட்டு மூடினார். முப்பது வருடமாய் அந்தக் கை அதைத்தானே செய்கிறது. சர்க்கரையைத் தின்கிற ஈஸ்ட் வெறும் காற்றை மட்டும் விடாது, கொஞ்சம் சாராயத்தையும் விடும் என்பது அவருக்குத் தெரியாததா? மூடியை அழுத்தும்போது ஒரு தடவை தோன்றத்தான் செய்தது. ஒரு சிட்டிகைதானே என்று அழுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலைக் கப்பலில் ஜாரட் வந்தான். இளைத்திருந்தான், கண் தெளிந்திருந்தது. நெவில் அவன் தோளைத் தட்டிவிட்டு நேரே ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். பாட்டிலைப் பார்த்ததும் ஜாரட் தயங்கினான். இதில் ஒன்றும் கிடையாது, காய்ச்சி எடுத்தாயிற்று, உனக்காகவே செய்தது என்று நெவில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஜாரட் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கிளாஸை வாங்கிக்கொண்டான்.

நெவிலுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பேச்செல்லாம் திரும்பி வந்தது. கசப்பு சரியாக இருக்கிறது என்றான் பிள்ளை. அன்றைக்கு டிரம் பொங்கி ஷெட்டெல்லாம் வழிந்ததே என்று இவர் ஆரம்பிக்க, அவன் வாய்விட்டுச் சிரித்தான். கிளாஸ் காலியானது.

காலி கிளாஸைப் பார்த்துக்கொண்டே ஜாரட் கேட்டான்.

"காய்ச்சினா ஈஸ்ட் செத்துருமேப்பா. இவ்வளவு நுரை எப்பிடி வந்துச்சு?"

நெவில் ஒரு வித்தைக்காரரின் பெருமையோடு சொன்னார். "அங்கதான் இருக்கு சூட்சுமம். புதுசா ஒரு சிட்டிகை போட்டேன்ல."

சொன்ன வாய் மூடவில்லை. ஜாரட் கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தான். எழுந்து வெளியே போய், வேலியோரம் நின்று, கூட்டத்து நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினான். லொரேன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஷெட்டுக்கு வந்தாள். நெவில் நடந்ததைச் சொன்னார். அவள் அந்தக் காலி கிளாஸை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜாரட் திரும்பி வந்ததும் நெவில் முந்திக்கொண்டார். "அது பீரே இல்லடா. அதுல ஒண்ணுமே இருக்காது."

"தெரியாம குடிச்சது கணக்கில்லன்னு போன்ல அவரும் சொல்றாரு," என்றான் ஜாரட். "ஆனா எனக்குத் தெரிஞ்சுதுப்பா. ரெண்டாவது மடக்குலயே நாக்குக்குத் தெரிஞ்சு போச்சு. கேட்டா நிறுத்தணுமேன்னு கேக்கல. முழுசா முடிச்சுட்டுத்தான் கேட்டேன்."

லொரேன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, மறுபடி மொதல்லேந்து எண்ணுறேன்னு சொல்லணும். அத சொல்லிருவேன். உனக்கு ஒரு தடவகூடத் தோணலயாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். நெவில் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தடவ தோணுச்சு," என்றார்.

"அப்புறம் ஏன்?"

"நீ வந்தா என்ன பேசுறதுன்னு தெரியல."

ஜாரட்டின் கண் கலங்கியது. "ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாக்கூடப் போதும்பா. நான் உன்னப் பாக்கத்தான வந்தேன்."

இத்தனை பாட்டில்களுக்கு நடுவில் இருக்க முடியாது, இன்று ராத்திரிக் கப்பலிலேயே போகிறேன் என்றான். லொரேன் கெஞ்சிப் பார்த்தாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டு, கோபமில்லை, பயம்தான் என்றான்.

நெவில்தான் காரில் கொண்டுபோய் விட்டார். லொரேன் வேண்டுமென்றே வரவில்லை, இப்போதாவது இவர் பேசட்டும் என்று. வழியெல்லாம் அவர் தேடினார். இவன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான்? யாரோடு இருக்கிறான்? ராத்திரி தூக்கம் வருகிறதா இவனுக்கு? ஒன்றுமே தனக்குத் தெரியவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மகனைப் பற்றி ஏதோ ஒரு அந்நியனுக்குப் போனில் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்தார். அதற்குள் கப்பல் தெரிந்தது.

ஜாரட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கதவைச் சாத்தாமல் சற்று நேரம் குனிந்து நின்றான். அப்பா ஏதாவது சொல்வார் என்று நிற்கிறான் என்பது நெவிலுக்கு நன்றாகவே தெரிந்தது.

"கப்பல்ல சாப்பாடு நல்லா இருக்குமா?" என்றார்.

"இருக்கும்பா," என்று சொல்லி, ஜாரட் மெதுவாகக் கதவைச் சாத்தினான்.