குரோகி வீட்டு வாசலில் காலணிகள்

ஜப்பானின் யைசு துறைமுகத்தின் பின்தெருவில், முன்னாள் கால்பந்து வீரர் குரோகி ஹிதெயோவின் வீட்டு நுழைவில் ஒரு வசந்தகாலக் காலையில் யார் யாருடைய காலணிகளோ கிடந்தன. உள்ளே விருந்தாளி யாரும் இல்லை. முந்தின நாள்தான் அவர், ஒரு மிக்கான் ஆரஞ்சைக் கீழே விழாமல் உதைத்து விளையாடும் வீடியோவை இணையத்தில் போட்டிருந்தார். அவருடைய சேனலில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி என்பதும், விலகினால் அந்தச் சோடி மறைந்துவிடும் என்பதும் ஒரு வாரத்தில் விளங்கிவிட்டன.

ஆடிய காலத்தில் குரோகி தடுப்பாட்டக்காரர். தன் அணியின் வலைக்குள்ளேயே தவறி அடித்த ஒரு கோலுக்காக மட்டும் நினைவில் இருந்தவர். இப்போது ஹொக்காய்தோவின் பனி ஒட்டிய பூட்ஸுகளும் ஒகினாவாவின் மணல் உதிரும் ரப்பர் செருப்புகளும் படியிறங்கித் தெருவரை நிறைந்தன. வந்த விருந்தாளிகளுக்குச் செய்வதுபோல, கிளம்பும்போது சிரமப்படக்கூடாதென்று, அவர் காலைதோறும் மண்டியிட்டு ஒவ்வொன்றின் முனையையும் வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். புயல் எச்சரிக்கை வந்த நாளில் அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப்போய்ப் பாதுகாத்தார்கள்.

“அப்பவே இவ்ளோ கூட்டம் வந்திருந்தா, அந்த கோலை எதிர்ப்பக்கம் அடிச்சிருப்பீங்களா அண்ணே?” என்றான் அடுத்த வீட்டு மீன் வியாபாரி ஹொரியே.

“எதிர்ப்பக்கம் எதுன்னு தெரிஞ்சிருந்தாத்தானேடா?”

குரோகியின் மனைவி மிட்சுயோ அந்தக் காலணிக் கூட்டத்தில் ஒரே ஒரு சோடியைத் தேடினாள். பள்ளிப் பட்டமளிப்புக்கு வராமல் கையெழுத்துப் போட்ட பந்தை அனுப்பிவைத்த தந்தையை மகள் நாகிசா மன்னிக்கவில்லை. செந்தாய் நகருக்குப் போனவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடே விரும்பும் மனிதரோடு வாழ்வது, அணைக்க முடியாத விளக்கின் கீழ் படுத்திருப்பது போல இருந்தது மிட்சுயோவுக்கு. வெளிச்சத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை.

“திங்கிற பழத்தைப் போய் உதைக்கிறீங்களே, அவ பார்த்தா என்ன நினைப்பா?”

“முதல்ல பார்க்கட்டும்.”

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, நுழைவின் ஓரத்தில் நீலநிறக் கான்வாஸ் காலணி ஒன்று நிமிர்ந்தும் அதன் சோடி கவிழ்ந்தும் கிடந்தன. முனைகள் வீட்டுக்குள் பார்த்திருந்தன. இடது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. சிறுமியாக இருந்தபோது நாகிசா அப்படித்தான் உதறிவிட்டு உள்ளே ஓடுவாள், அவரும் அதற்காகத் திட்டுவார். குரோகி வழக்கம்போலக் குனிந்தார்.

“தொடாதீங்க,” என்றாள் மிட்சுயோ. “திருப்பி வெச்சா கிளம்புன்னு சொல்ற மாதிரி இருக்கும்.”

“எல்லாருக்கும் அப்படித்தானே வெச்சேன்?”

“அவங்கல்லாம் விருந்தாளிங்க.”

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகும் சேனலுக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நீலக் காலணிகள் மட்டும் கிடந்தபடியே கிடந்தன. செந்தாயில் மழை பெய்யும் நாட்களில் அவை நனைந்திருக்கும். மிட்சுயோ அவற்றை இடம் மாற்றாமல், ஈரம் இழுக்கப் பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்துவிட்டு, சோறு வடிக்கப் போவாள்.